ஆயிரம் கெஜத் தொலைவு: நெடுந்தொலைவுத் துப்பாக்கி சுடுதல் ஒரு கலையாக வளர்ந்த வரலாறு

நெடுந்தொலைவு இலக்குத் துப்பாக்கி சுடுதல் என்பது, 800 முதல் 1000 கெஜம் வரையிலும் சில போட்டிகளில் 1200 கெஜம் வரையிலும் தள்ளி நிறுத்தப்பட்ட இலக்குப் பலகையை, தரையில் படுத்த நிலையில் ஒருவர் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாகும். ஒரு கெஜம் மூன்றடி என்ற கணக்கில் 1000 கெஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தொலைவில் வெறும் கண்ணுக்கு, ஆளுயரத்துக்கு மேற்பட்ட பலகையும் சிறு வெள்ளைத் துணுக்காகவே தெரியும். இவ்விளையாட்டின் வரலாற்றைத் துப்பாக்கிகளின் வரலாறாகவே சொல்லிச் செல்வது நூலாசிரியர்களிடையே வழக்கமாக இருந்துவருகிறது. குழல் எப்படி மாறியது, மருந்து எப்படி மாறியது, எந்தப் பட்டறை எந்த ஆண்டு எதைச் செய்தது என்பவை அவற்றில் விரிவாக உண்டு. ஆனால் அதற்கு முன்பு துப்பாக்கியையே தொட்டறியாத எழுத்தரும் கடைக்காரரும் பள்ளி மாணவரும் எந்த வழியில் அத்தொலைவை எட்டக் கற்றுக்கொண்டார்கள், கற்ற பின் எந்த வழியில் தேர்ச்சி பெற்றார்கள் என்பதே இதன் உயிரான பகுதி. ஏனெனில் கருவிகள் பலமுறை அடியோடு மாறிய பின்னும், கற்கும் முறையும் கற்பிக்கும் வழக்கமும் ஏறத்தாழ அப்படியே நிலைத்து நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படைவீரர் கையில் இருந்த துப்பாக்கி பெரும்பாலும் உட்புறம் வழவழப்பான குழலைக் கொண்டிருந்தது; நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி மனிதரை அதனால் குறிவைத்துச் சுடுவது நம்பகமற்ற காரியம். குழலின் உட்சுவரில் சுருள்வடிவமாக வரிகளைச் செதுக்கினால், வெளியேறும் குண்டு பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நேராகப் பறக்கும் என்பது பல நூற்றாண்டுகளாகவே அறியப்பட்டிருந்தது. ரைஃபிள் என்ற பெயர் இவ்வரிகளிலிருந்து வந்ததே. ஆயினும் வரிகளோடு இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியாக இடித்து இறக்க நேரம் பிடித்ததால், அத்தகைய துப்பாக்கி வேட்டைக்காரருக்கும் சிறு படைப்பிரிவுகளுக்கும் உரியதாகவே இருந்தது. 1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே அமைத்த, அடிப்பகுதி குடைவான குண்டு அந்தத் தடையை நீக்கியது. எளிதாக உள்ளே இறங்கி, மருந்து வெடிக்கும்போது விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும் அக்குண்டைப் பயன்படுத்தும் என்ஃபீல்டு துப்பாக்கியை 1853இல் பிரிட்டிஷ் படை ஏற்றது. அதே ஆண்டில் கென்ட் மாவட்டத்தின் ஹைத் கடற்கரையூரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியொன்றும் நிறுவப்பட்டது. அங்கே மாணவரின் கையில் உடனே தோட்டா கொடுக்கப்படவில்லை. உடலை நிலைநிறுத்தும் பயிற்சி, குறிபார்க்கும் பயிற்சி, தொலைவைக் கண்ணால் மதிப்பிடும் பயிற்சி என்ற மூன்றும் முதலில் வந்தன, சுடுவது பின்னரே வந்தது. இன்றளவும் நல்ல பயிற்றுநர்கள் பின்பற்றும் வரிசை இதுதான்.

ஹைத்தில் 1857இல் நடந்த சோதனைகள் நெடுந்தொலைவுச் சுடுதலுக்கு வழி திறந்தவை. மான்செஸ்டரின் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், அறுகோண வடிவிலான உட்குழலும் .451 அங்குல விட்டமும் கொண்ட துப்பாக்கியொன்றைச் செய்திருந்தார். .577 அங்குல என்ஃபீல்டின் வரிகள் 78 அங்குல நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்ற, விட்வொர்த்தின் குழல் 20 அங்குலத்திலேயே ஒரு சுற்றை முடித்தது. அதனால் ஒல்லியான, நீண்ட, கனமான குண்டு நிலைகுலையாமல் பறந்தது. 500 கெஜத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக 27 அங்குலம் விலகி விழ, விட்வொர்த்தின் குண்டுகள் நாலரை அங்குலத்துக்குள் விழுந்தன. விலை அதிகம், கரிப்புகை மருந்தின் கசடு குழலில் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்ற காரணங்களால் படை அதை ஏற்கவில்லை. ஆனால் ஆயிரம் கெஜத்தில் ஒரு பலகையைத் திரும்பத் திரும்ப அடிக்க முடியும் என்பது அதன்வழி நிறுவப்பட்டுவிட்டது.

போட்டி பிறந்ததற்கு உடனடிக் காரணம் அச்சம். பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்ற பேச்சு 1859இல் இங்கிலாந்தெங்கும் பரவியபோது, ஊர்தோறும் தன்னார்வத் துப்பாக்கிப் படைகள் எழுந்தன. அவற்றில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வகுப்பினர். சீருடைக்கும் கருவிக்கும் தாமே செலவிட்டவர்கள் பலர். துப்பாக்கிப் பழக்கம் அவர்களிடம் ஏறத்தாழ இல்லை. இந்த ஆர்வத்துக்கு நிலைத்த வடிவம் கொடுப்பதற்காக அதே ஆண்டின் நவம்பரில் தேசிய ரைஃபிள் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. 1860 ஜூலை 2ஆம் நாள் லண்டனை அடுத்த விம்பிள்டன் பொதுவெளியில் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். தாங்குசட்டத்தில் அசையாமல் பூட்டிவைக்கப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியின் விசையோடு இணைத்த பட்டுக்கயிற்றை அவர் இழுக்க, 400 கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. அரசி வழங்கிய 250 பவுன் பரிசையும் தங்கப் பதக்கத்தையும் அவ்வாண்டு வென்றவர் யார்க்‌ஷயரைச் சேர்ந்த எட்வர்ட் ராஸ் என்ற இளைஞர். அரசி பரிசு என்று பெயர் பெற்ற அப்போட்டியே இன்றும் இவ்விளையாட்டின் தலைமையான பரிசு. அரியணையில் அரசர் இருந்தால் அரசர் பரிசு என்றும் அரசி இருந்தால் அரசி பரிசு என்றும் அதன் பெயர் மாறிவருகிறது.

விம்பிள்டனின் தொடக்ககால இலக்குகள் இரும்புத் தகடுகளால் ஆனவை. நெடுந்தொலைவுக்கான இலக்கு 12 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்டது. அதன் நடுவே மூன்றடிச் சதுரம் கறுப்பாகத் தீட்டப்பட்டிருந்தது. அதில் பட்டால் 4 புள்ளிகள், அதைச் சூழ்ந்த ஆறடிச் சதுரத்தில் பட்டால் 3, எஞ்சிய பகுதிக்கு 2. ஈயக்குண்டு தகட்டில் மோதிச் சிதறும்; அருகிலிருந்த தடுப்புக்குள் பதுங்கியிருந்த அடையாளக்காரர் எந்தப் பகுதியில் பட்டது என்பதை நிறக்கொடியால் காட்டுவார். இம்முறையில் சுடுபவருக்குத் தம் குண்டு பட்ட பகுதி தெரிந்ததே தவிர, பட்ட இடம் துல்லியமாகத் தெரியவில்லை. ஆகவே பிழையைத் திருத்துவது பாதி ஊகமாகவே இருந்தது. 1870களில் இரும்பு போய், சட்டத்தில் விரித்த துணி இலக்குகள் வந்தன. பள்ளத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் இலக்கைக் கீழே இறக்கி, துளையை அடைத்து, பட்ட இடத்தை அடையாள வட்டால் காட்டி மீண்டும் உயர்த்தினார்கள். சதுரங்களுக்குப் பதில் வட்டங்கள் வந்ததும் அக்காலத்திலேயே. மேலோட்டமாகப் பார்த்தால் சிறிய ஏற்பாடாகத் தோன்றும் இந்த மாற்றம், புதியவரின் கல்வியைப் பொறுத்தவரை எந்தத் துப்பாக்கிச் சீர்திருத்தத்தையும்விடப் பெரியது. குண்டு பட்ட இடம் தெரிந்தபோதுதான் ஏன் அங்கே பட்டது என்ற கேள்வியைக் கேட்க முடிந்தது.

1862இல் எல்கோ பிரபுவின் பெயரால் ஒரு கேடயப் போட்டி தொடங்கியது. எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக முதலில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. 1865இல் அயர்லாந்தும் சேர்ந்துகொண்டது. படைத் துப்பாக்கிக்குரிய கட்டுப்பாடுகள் இல்லாத ‘மேட்ச் ரைஃபிள்’ என்ற தனிவகை இப்போட்டியின் நிழலில்தான் வளர்ந்தது. வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர், ஆழமான வரிகள் தேவையில்லை, மிக ஆழம் குறைந்த வரிகளும் கடினமாக்கப்பட்ட குண்டும் போதும் என்று செய்து காட்டினார். அவருடைய துப்பாக்கிகளைக் களத்தில் சோதித்து நிலைநாட்டியவர் அவர் நண்பர் சர் ஹென்றி ஹால்ஃபோர்டு. பின்னாளில் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில் அப்பொறியாளரின் பெயர் நிலைபெற்றது. கவிழ்ந்து படுத்துச் சுடுவதே பொதுவழக்கம் என்றாலும், மல்லாந்து படுத்துக் கால்களை மடித்து, அவற்றின் மேல் குழலைத் தாங்கிச் சுடும் ‘முதுகு நிலை’ மேட்ச் ரைஃபிள் வீரர்களிடையே பரவியது. கட்டையின் பின்முனையில் குறிபார்க்கும் அமைப்பைப் பொருத்த அது வசதி தந்தது. விந்தையாகத் தோன்றும் அந்நிலையைக் கைக்கொள்வோர் சிலர் இன்றும் உள்ளனர்.

நெடுந்தொலைவுச் சுடுதலைக் கடல் கடந்த விளையாட்டாக ஆக்கியது ஓர் அறைகூவல். 1873இல் எல்கோ கேடயத்தை முதன்முறையாக வென்ற அயர்லாந்துக் குழுவின் சார்பில், ஆர்தர் பிளென்னர்ஹாசெட் லீச் என்பவர் நியூயார்க் ஹெரால்டு நாளிதழ் வழியாக அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்தார். அமெரிக்காவில் அப்போது ஆயிரம் கெஜப் போட்டிக்கான மரபே இல்லை. உள்நாட்டுப் போரில் படைவீரர்களின் குறி எவ்வளவு மோசமாக இருந்தது என்பதைக் கண்டு வருந்திய வில்லியம் கொனன்ட் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகிய இரு அதிகாரிகள் 1871இல் அங்கே தேசிய ரைஃபிள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள்; விங்கேட் பயிற்சிக் கையேடும் எழுதியிருந்தார். லாங் ஐலண்டில் க்ரீட் குடும்பத்தாரின் பண்ணை நிலமாக இருந்து, க்ரீட்மோர் என்ற பெயரோடு 1873இல் திறக்கப்பட்ட சுடுகளத்துக்கு வயது ஓராண்டுதான். அழைப்பை ஏற்றுக்கொண்டது நியூயார்க்கின் ‘அமெச்சூர் ரைஃபிள் கிளப்’ என்ற சிறு அமைப்பு. ஆயிரம் கெஜத்தில் சுட்டுப் பழகியவர்கள் அதில் அநேகமாக இல்லை. அத்தொலைவுக்கேற்ற துப்பாக்கியும் நாட்டில் இல்லை. ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரு நிறுவனங்கள் பின்புறம் தோட்டாவை இடும் புதிய துப்பாக்கிகளைச் செய்துகொடுக்க, வீரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். அயர்லாந்துக் குழுவினரோ ஜான் ரிக்பி செய்த, வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளோடு வந்தார்கள். ரிக்பியே அக்குழுவில் ஒருவராகச் சுட்டார்.

1874 செப்டம்பர் 26 அன்று ஏறத்தாழ 8,000 பேர் திரண்ட க்ரீட்மோரில், பக்கத்துக்கு ஆறு பேர், ஒவ்வொருவரும் 800, 900, 1000 கெஜங்களில் 15 முறை என்ற கணக்கில் போட்டி நடந்தது. 800 கெஜத்தில் அமெரிக்கர் 326, அயர்லாந்தினர் 317. 900 கெஜத்தில் 310க்கு 312. 1000 கெஜத்தில் 298க்கு 302. தொலைவு கூடக்கூட அனுபவம் மேலோங்கியதை இந்த எண்களிலேயே காணலாம். கடைசிச் சூட்டுக்காகக் கர்னல் ஜான் போடைன் படுத்தபோது அமெரிக்கா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. சற்று முன்பு உடைந்த புட்டியொன்று அவர் கையைக் கிழித்திருந்தது. குருதி கசியும் கையோடு அவர் சுட்ட குண்டு நடுச்சதுரத்தில் பட, 934க்கு 931 என்று போட்டி முடிந்தது. ஆனால் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு சூடு மட்டுமன்று. 900 கெஜத்தில் அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட அருமையான குண்டொன்று தம் இலக்கை விட்டுப் பக்கத்து இலக்கின் நடுவில் பாய்ந்தது. பிறர் இலக்கில் பட்டது எதுவாயினும் அது தவறிய சூடே என்ற விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை. அந்த 4 புள்ளிகள் சேர்ந்திருந்தால் கோப்பை கடல் கடந்திருக்கும். குறி சரியாக இருந்தும் இலக்கின் எண்ணைப் பார்க்காமல் விட்ட அப்பிழை, புதியவருக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கப்படும் எச்சரிக்கையாக இவ்விளையாட்டில் நிலைத்துவிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் சங்கம் அமெரிக்காவுக்கு விம்பிள்டன் கோப்பையை வழங்கியது. 1876இல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டிப் பால்மா கோப்பைக்காக ஐந்து அணிகள் மோதின.

இப்போட்டிகளில் வென்றவர்களைத் தோற்றவர்களிடமிருந்து பிரித்தது துப்பாக்கியைவிடக் காற்றைப் பற்றிய அறிவே என்பதை அக்காலத்தவர் விரைவில் உணர்ந்தார்கள். நெடுந்தொலைவுச் சுடுதலின் முழுக் கல்வியும் இந்த ஒரு பொருளைச் சுற்றியே அமைகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகக் காணலாம். தற்காலத்து இலக்குத் துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு 1000 கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அக்குண்டை ஏறத்தாழ 8 அடி பக்கவாட்டில் தள்ளிவிடும்; இலக்கின் நடுவட்டமோ சுமார் 2 அடி அகலமே உடையது. ஆகவே காற்றின் வேகத்தை மணிக்கு ஒன்றரை மைல் அளவுக்குத் தவறாக மதிப்பிட்டால் போதும், அணுவளவும் பிழையின்றிச் சுடப்பட்ட குண்டும் நடுவட்டத்துக்கு வெளியே விழும். பார்வை அமைப்பில் திருத்தம் ‘மினிட்’ என்ற அளவால் செய்யப்படுகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான இது, 100 கெஜத்தில் ஓரங்குலத்தையும் 1000 கெஜத்தில் ஏறத்தாழ பத்தரை அங்குலத்தையும் நகர்த்தும். திருகு ஒவ்வொரு சொடுக்குக்கும் கால் மினிட் நகரும்.

காற்றைப் படிக்க இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, களத்தின் நெடுகிலும் நடப்பட்ட கொடிகள். அவை எழும் கோணத்திலிருந்து வேகமும் பறக்கும் திசையிலிருந்து பக்கமும் கணிக்கப்படுகின்றன. மற்றொன்று, வெயிலில் தரையிலிருந்து எழும் கானல். பக்கத்தில் தனியே நிறுத்திய தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவியவைத்தால், கானல் அலைகள் ஆற்றுநீர் ஓடுவதாகவே ஒரு பக்கம் நோக்கி ஓடுவது தெரியும். காற்று ஓய்ந்துவிட்டாலோ நேர் எதிராகவோ பின்னாகவோ வீசினாலோ அலைகள் செங்குத்தாகக் கொதித்தெழும். கொதித்தெழும் அந்தக் கணம் திசை மாறப்போகிறது என்பதற்கும் அறிகுறி என்பதால், அனுபவசாலிகள் அப்போது விசையை அழுத்தாமல் காத்திருக்கிறார்கள். புதியவரோ துப்பாக்கி தயாராகிவிட்டது என்பதற்காகவே சுட்டுவிடுகிறார். தொடக்கநிலைப் பிழைகளில் மிகப் பரவலானது இதுவே.

ஒரு சூட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றை அருகிலிருந்து பார்த்தால் இக்கலையின் இயல்பு விளங்கும். கவிழ்ந்து படுத்தவர், மேற்கையில் மாட்டிய தோல்வாரைத் துப்பாக்கியின் முன்கட்டையோடு இணைத்து இறுக்குகிறார். எடையைத் தசையல்ல, வாரும் எலும்பும் தாங்கவேண்டும் என்பது நோக்கம். பின்னர் குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடி, ஓரிரு மூச்சு விட்டு, மீண்டும் திறக்கிறார். குறி அதே இலக்கில் நின்றால் உடல் சரியாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் நகர்ந்திருந்தால் கையால் துப்பாக்கியைத் திருப்பாமல், இடுப்பை நகர்த்தி உடலையே திருப்பவேண்டும். கண்ணருகே உள்ள சிறு துளையின் வழியே குழல்முனையில் உள்ள வளையத்தையும், அதன் நடுவே இலக்கின் கரும்புள்ளியையும் ஒரே மையத்தில் நிறுத்தி, மூச்சைப் பாதியில் அடக்கி விசையை அழுத்துகிறார். குண்டு போன அந்தக் கணத்தில் குறி எங்கே இருந்தது என்பதை அவர் மனத்தில் பதித்துக்கொள்வதும், அதை வாய்விட்டுச் சொல்வதும் பழைய பயிற்சி. இலக்கு இறங்கி ஏறியதும், குண்டு பட்ட இடத்தைக் குறிப்பேட்டில் உள்ள இலக்குப் படத்தில் புள்ளியாக இடுகிறார்; பக்கத்தில் அப்போது வைத்திருந்த காற்றுத் திருத்தத்தையும் கோடாக வரைகிறார். பதினைந்து சூடுகள் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டால், உண்மையில் எவ்வளவு காற்று இருந்தது, தாம் எவ்வளவு என்று நினைத்தார், பிழை காற்றை மதிப்பிட்டதிலா விசையை இழுத்ததிலா என்பது வெளிப்பட்டுவிடும். நினைவு பொய் சொல்லும், ஏடு சொல்லாது. தேர்ச்சி பெற்றவர்களுக்கும் தேங்கி நின்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இந்த ஏட்டை ஒழுங்காக எழுதியதிலேயே இருந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

1880களின் இறுதிக்குள் லண்டன் விம்பிள்டன்வரை வளர்ந்துவிட்டது. வழிதவறிய குண்டுகளைப் பற்றிய முறையீடுகள் பெருகின. அருகே நிலமுடையவரும் படைத்தலைவருமான கேம்பிரிட்ஜ் கோமகனே களத்தை மூடும்படி கேட்டுக்கொண்டார். 1889இல் விம்பிள்டனின் கடைசிப் போட்டி நடந்தது. 1890இல் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்குச் சங்கம் இடம்பெயர்ந்தது. 600 கெஜம் வரைக்கும் செஞ்சுரி என்ற பெருங்களமும், அதற்கு அப்பால் 1200 கெஜம் வரைக்கும் ஸ்டிக்கிள்டவுன் என்ற களமும் அங்கே அமைந்தன. க்ரீட்மோருக்கும் அதே கதி நேர்ந்தது. அமெரிக்கப் போட்டிகள் நியூஜெர்சியின் சீ கர்ட்டுக்கும், 1907இல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரிக்கும் போயின. இடமாற்றத்தோடு மருந்தும் மாறியது. புகையற்ற கார்டைட் வந்ததும், ஒவ்வொரு சூட்டுக்கும் பின் கசடு துடைக்கும் வேலையும் கண்ணை மறைத்த புகைமண்டலமும் மறைந்தன; .303 அங்குலத் துப்பாக்கி அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் போட்டியின் பொதுக்கருவி ஆயிற்று.

புதியவர்கள் உள்ளே வரும் வாயில்கள் இக்காலத்தில் அகன்றன. பள்ளிகளுக்கான ஆஷ்பர்ட்டன் கேடயம் 1861 முதலே இருந்தது. தென்னாப்பிரிக்கப் போரில் போயர் உழவர்களின் குறித்திறன் பிரிட்டனைத் திடுக்கிட வைத்த பின், 1901இல் உழைக்கும் மக்களுக்கான ரைஃபிள் மன்றங்களின் சங்கம் தோன்றியது; ராபர்ட்ஸ் பிரபு அதற்கு ஊக்கம் அளித்தார். விலை மலிந்த .22 தோட்டாவோடு 25 கெஜக் கூடங்களில் மாலைவேளைகளில் பழகிய தொழிலாளர்கள், நிலையும் மூச்சும் விசையும் அங்கே கற்றுக்கொண்டார்கள். பிஸ்லிக்கு வந்தபின் கற்கவேண்டியதாக எஞ்சியது காற்று மட்டுமே. 1908 லண்டன் ஒலிம்பிக்கின் ஆயிரம் கெஜப் போட்டி பிஸ்லியில் நடந்தபோது 100க்கு 98 புள்ளிகளோடு தங்கம் வென்ற அயர்லாந்தின் ஜோஷுவா மில்னருக்கு வயது 61. உடல்வலிமையைவிடப் பொறுமையும் நினைவும் இதில் எவ்வளவு மதிப்புடையன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஃபுல்டன் குடும்பமும் அவ்வாறே: தந்தை ஜார்ஜ் 1888இல் அரசி பரிசை வென்றார், மகன் ஆர்தர் 1912, 1926, 1931 என மூன்று முறை அரசர் பரிசை வென்றார், பேரன் ராபின் 1958இல் வென்றார். 1930இல் மார்ஜரி ஃபாஸ்டர் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் அரசர் பரிசை வென்றபோது, ஆண்களோடு சரிசமமாக நின்று ஒரு பெண் அடைந்த அவ்வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல் என்ற பிரிவு அப்பரிசுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இந்த வரலாற்றில் இந்தியாவின் இடம் வருத்தம் தருவது. விம்பிள்டனின் பெயர்பெற்ற குழுப் போட்டிகளுள் ஒன்றான கோலாப்பூர் கோப்பை, கோலாப்பூர் அரசரின் நன்கொடையாக 1871இல் வந்தது. பேரரசின் பல நாட்டு அணிகள் அதற்காகப் போட்டியிட்டன, இன்றும் பிஸ்லியில் அது சுடப்படுகிறது. ஆனால் கோப்பையைத் தந்த மண்ணின் மக்களுக்கு, 1878இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையையே முடக்கியது. ஐரோப்பியருக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. சென்னையில் 1857இலேயே தன்னார்வப் படை தோன்றியிருந்தும், அத்தகைய படைகள் ஐரோப்பியருக்கும் யூரேசியருக்கும் உரியனவாகவே இருந்தன. 1885இல் ரஷ்யப் படையெடுப்பு அச்சம் எழுந்தபோது தன்னார்வப் படைகளில் சேர முன்வந்த இந்தியர்களின் விண்ணப்பங்களை அரசு ஏற்கவில்லை. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்துக்கு எதிராக முழங்கினார். குறிபார்க்கும் கலை மன்றங்களின் வழியாகவும் தன்னார்வப் படைகளின் வழியாகவும் பரவிய அந்த இரண்டு தலைமுறைக் காலத்தில், அதைக் கற்கும் வாய்ப்பே இந்நாட்டினருக்கு மறுக்கப்பட்டது. 1951இல் ஜி. வி. மாவலங்கரின் முயற்சியால் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் எழுந்தபோது, விளையாட்டு ஒலிம்பிக்கின் வழியில், 10, 25, 50 மீட்டர் போன்ற குறுந்தொலைவுகளில் வளர்ந்ததற்குப் பின்னால் இவ்விடைவெளியும் ஒரு காரணம் என்றே கருதவேண்டும்.

.303 காலம் 1960களின் இறுதியில் முடிந்தது. 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான, ஒருமுறைக்கு ஒரு தோட்டா இடும் ‘டார்கெட் ரைஃபிள்’ அதன் இடத்தைப் பிடித்தது. படை பயன்படுத்திய இலேசான குண்டு 1000 கெஜத்தை எட்டுமுன் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கித் தடுமாறியது; பால்மா போட்டிகளுக்காக 155 கிரெயின் எடையுள்ள, காற்றைக் கிழிக்கும் வடிவம் கொண்ட குண்டு உருவாக்கப்பட்ட பிறகே அக்குறை தீர்ந்தது. 15 கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், அக்குண்டு ஏறத்தாழ 10 கிராம் எடையுடையது. கண்பார்வை மங்கியும் தோள்வலி கண்டும் துளைப் பார்வையையும் தோல்வாரையும் கைவிட நேர்ந்த மூத்தவர்களுக்காகக் கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் 1990களில் ஒரு வழி கண்டார்; தொலைநோக்கியும் முன்தாங்கியும் அனுமதிக்கப்பட்ட அப்பிரிவு, அவர் பெயரின் முதலெழுத்தால் எஃப் பிரிவு என்று வழங்கிவருகிறது. மூத்தவர்களுக்கென்று தொடங்கிய அது, இன்று இளைஞர்களையும் பெருமளவில் ஈர்க்கும் தனி விளையாட்டாகிவிட்டது. அதில் துப்பாக்கியின் துல்லியமும் தோட்டாவைத் தாமே அளந்து நிரப்பும் கைத்திறனும் பெரும்பங்கு வகிப்பதால், புதியவருக்குச் செலவு கூடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

டார்கெட் ரைஃபிளின் விதிகள் இதற்கு மாறான நோக்கம் உடையவை. தோட்டாவும் பார்வை அமைப்பும் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், முன்னேற்றம் கடையில் வாங்கக்கூடியதாக இல்லை. பிஸ்லியின் மிகச்சிறந்த வழக்கமும் இதோடு சேர்ந்தது. ஒரே இலக்கில் இருவரோ மூவரோ மாறிமாறிச் சுடுகிறார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் அவருடைய புள்ளிகளை அட்டையில் எழுதுகிறார். யாருக்கு யார் பக்கத்தில் என்பது முன்கூட்டியே ஒதுக்கப்படுவதால், முதல் ஆண்டுக்காரரான மாணவி ஒருத்தி பல பதக்கங்கள் வென்றவரின் அருகே படுத்து, அவர் எப்போது காத்திருக்கிறார், எப்போது சுடுகிறார், கொடி சரியும்போது திருகை எத்தனை சொடுக்கு நகர்த்துகிறார் என்பதை நேரில் காண்கிறாள். குழுப் போட்டியிலோ காற்றைக் கணிக்கும் பொறுப்பு பின்னால் அமர்ந்த பயிற்றுநரிடம் இருக்கிறது; இளையவர் நன்றாகப் பிடித்து நன்றாக விசையை அழுத்தினால் போதும், காற்றின் பாடத்தை அவர் காதால் கேட்டுக் கற்கிறார். புதியவர்களுக்கெனத் தனி வகுப்பும் தனிப் பரிசுகளும் வைக்கப்பட்டிருப்பதால், முதல் ஆண்டிலேயே முதல்வர்களோடு ஒப்பிட்டு மனம் தளரவேண்டியதில்லை. உலகப் போட்டிகளில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் தனி அணிகள் அமைக்கப்படுவதும் இதே நோக்கத்தால்தான்.

அரசர் பரிசின் அமைப்பே படிப்படியான கல்வியை ஒத்தது. முதற்கட்டம் 300, 500, 600 கெஜங்களில் தொலைவுக்கு ஏழு சூடுகள். அதில் தேறும் 300 பேர் இரண்டாம் கட்டத்தில் அதே தொலைவுகளில் பத்துப் பத்துச் சூடுகள் சுடுகிறார்கள். எஞ்சும் 100 பேரே ஸ்டிக்கிள்டவுனில் 900, 1000 கெஜங்களுக்கு இறங்குகிறார்கள். அந்த நூற்றுவருள் ஒருவராவதே பலருக்கு வாழ்நாள் இலக்கு. அதற்கெனத் தனிச் சின்னம் உண்டு. வென்றவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து மன்றங்களைச் சுற்றி வருவது பழைய வழக்கம். அந்த இறுதிச் சுற்றில் சுடும் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்த இன்றும் அனுமதி இல்லை.